வாசல் தேடி வந்த செவிலியர்: ஒரு வரலாற்று இழை

1/
செவிலியர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? வார்டுல வரிசையா கட்டில். கையில ஊசியும் சார்ட்டுமா நடந்து வர்ற சிஸ்டர். பெரும்பாலானவங்களுக்கு இதுதான் வரும். தப்பில்லை. ஆனா இது பாதிப் படம்தான். மீதிப் பாதி ஆஸ்பத்திரிக்கு வெளியே, தெருவிலும் வீட்டு வாசலிலும் இருக்கு. அந்த மீதிப் பாதியின் வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
முதல்ல அந்தச் சொல்லையே பார்ப்போம். சங்க இலக்கியத்தில் 'செவிலி' வருவாள், படிச்சிருப்பீங்க. தலைவியை வளர்த்த தாய். தோழியைப் பெற்ற தாய். பெண்ணின் முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தால் முதலில் கவனிப்பவள். நோய் வந்த பிறகு கூப்பிட்டு வரப்பட்டவள் கிடையாது. நல்லா இருக்கிற பிள்ளையை நல்லாவே வளர்க்க வீட்டோடு இருந்தவள். ஆங்கிலத்தில் 'நர்ஸ்' என்ற சொல்லும் பாலூட்டி வளர்ப்பவள் என்ற பொருளில் இருந்து வந்ததுதான்.

3/
நோயாளி பக்கத்தில் இருப்பவரையும் நம்ம மரபு மறக்கல. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நாலு கூறாகப் பிரிக்கும்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். சரக சம்ஹிதையிலும் இதே நாலு தூண்கள் உண்டு.

ஆக செவிலியர் வேலை ரெண்டு. நோயுற்றவரைக் கவனிப்பது ஒண்ணு. நல்லா இருக்கிறவரை நல்லா வெச்சிருப்பது இன்னொண்ணு. ரெண்டாவதைத்தான் நாம மறந்துட்டோம்.

4/
வரலாற்றுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை விஷயம். நர்சிங் படிக்கிறவங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிறது. டாக்டர் கண்டுபிடிக்கிற நோய் வேற, நீங்க உணர்கிற 'உடம்பு முடியல' வேற. சில சமயம் ரெண்டும் சேர்ந்து வரும். பல சமயம் வராது. எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனா ஆளுக்கு உடம்பு முடியல. இது ஒரு பக்கம். பி.பி. 180/110 இருக்கு, ஆனா ஆள் வயலில் வேலை பார்த்துட்டு ஜம்முனு சைக்கிள் ஓட்டிட்டுப் போறார். இது இன்னொரு பக்கம்.

5/
அந்த சைக்கிள் ஓட்டுற மனுஷன் என் ஓ.பி.க்கு வரவே மாட்டார். ஏன் வரணும்? அவருக்குத்தான் ஒண்ணுமே இல்லையே! அவர் வர்ற அன்னைக்கு ஒரு கை விளங்காமல், வாய் கோணி, ஆம்புலன்ஸில் வருவார்.

அதனால எந்த ஊர் மருத்துவ அமைப்பா இருந்தாலும் ஒரு கேள்வி அதுக்கு முன்னால நிக்கும்: யார் யாரைத் தேடிப் போவது? நோயாளி நம்மைத் தேடி வரணுமா, நாம அவர் நோயாளி ஆகும் முன்பே தேடிப் போகணுமா? இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப செவிலியர்கள்தான் பதில் சொல்லியிருக்காங்க.

6/
1854 நவம்பர். கிரிமியப் போர். இஸ்தான்புல் பக்கத்தில் ஸ்குடாரி என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 செவிலியரோடு அங்கே போய் இறங்கினார். கைவிளக்கு ஏந்திய காரிகைனு பள்ளிக்கூடத்தில் படிச்ச அதே அம்மாதான். விளக்கை விடுங்க. அங்கே நடந்த கணக்கைப் பாருங்க.

7/
1855 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தாங்க. இத்தனைக்கும் செவிலியர் போய்ச் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு. மார்ச்சில் லண்டனில் இருந்து சுகாதாரக் குழு ஒண்ணு வந்தது. கட்டடமே சாக்கடை மேல நிக்குதுனு பார்த்தாங்க. சாக்கடையைக் கழுவி விட்டாங்க, தண்ணீரைச் சரி செய்தாங்க, காற்றோட்டம் கொண்டு வந்தாங்க. ஜூனில் இறப்பு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

8/
போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு உட்கார்ந்து நைட்டிங்கேல் இந்தக் கணக்கை எல்லாம் அலசினார். குண்டடி பட்டுச் செத்தவர்கள் கொஞ்சம். தடுக்கக்கூடிய காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள்தான் அதிகம். ராத்திரி பகலா கட்டிலருகில் நின்று பார்த்த கவனிப்பை விட, கட்டிலுக்கு அடியில் ஓடிய சாக்கடையைச் சரி செய்தது அதிக உயிரைக் காப்பாற்றியிருக்கு. நர்சிங் தொழிலை உருவாக்கியவரே இந்த முடிவுக்கு வந்தார். மீதி வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலைக்கு இதுதான் அடிப்படை.

9/
இதில் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களில் வருஷத்துக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துட்டு இருந்தாங்க. அதை ஆராய ஒரு அரச ஆணையம் அமைத்தாங்க. 1863-ல் அறிக்கை வந்தது. இந்தியாவுக்கு ஒரு முறைகூட வராத நைட்டிங்கேல், இங்குள்ள ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்து எழுதினார். முகாமுக்குச் சுத்தமான தண்ணீர் வேணும்னா சுற்றியிருக்கிற ஊருக்கும் வேணும் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். கடைசிக் காலம் வரை இந்தியக் கிராமங்களின் சுகாதாரம் பற்றி எழுதிட்டே இருந்தார்.

10/
இப்போ இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகம். 1859. வில்லியம் ராத்போன் என்ற வணிகரின் மனைவி நோயில் படுத்து இறந்து போறாங்க. கடைசி நாட்களில் வீட்டிலேயே தங்கிக் கவனிச்சுக்க மேரி ராபின்சன் என்ற செவிலியை அவர் வெச்சிருந்தார். மனைவி போன பிறகு அவருக்கு ஒரு யோசனை. 'காசு இருந்த என் வீட்டுக்கே இந்தக் கவனிப்பு இவ்வளவு பெரிய ஆறுதல்னா, காசே இல்லாத வீட்டுக்கு?' மேரி ராபின்சனுக்குத் தானே சம்பளம் கொடுத்து, லிவர்பூல் ஏழைகளின் வீடுகளுக்கு மூணு மாசம் போய் வரச் சொன்னார்.

11/
ஒரு மாசம்கூட தாங்கல. அந்த அம்மா திரும்பி வந்து, 'என்னை விட்டுடுங்க, இந்தத் துன்பத்தைப் பார்க்க என்னால முடியல' என்ற நிலைமைக்கு வந்துட்டாங்க. வார்டில் எத்தனையோ சாவைப் பார்த்தவங்கதான். ஆனா வார்டில் நோயாளி தனியா வருவார். வீட்டுக்குப் போனால் பசி, குளிர், ஈரச்சுவர், பக்கத்தில் அழுகிற குழந்தை எல்லாம் சேர்ந்து நிக்கும். ராத்போன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவங்க தொடர்ந்தாங்க. மூணு மாசம் முடியும்போது, இனி இந்த வேலையைத்தான் செய்வேன்னு சொன்னாங்க. செய்ததுக்குப் பலன் இருந்ததைக் கண்ணால பார்த்துட்டாங்க.

12/
இதை ஊர் முழுக்கப் பரப்ப ராத்போன் ஆள் தேடினார். பயிற்சி பெற்ற செவிலியர் கிடைக்கல. நைட்டிங்கேலுக்குக் கடிதம் எழுதினார். 'ஆள் இல்லைன்னா நீங்களே பயிற்சி கொடுங்க' என்பதுதான் அங்கிருந்து வந்த யோசனையின் சாரம். லிவர்பூலிலேயே பயிற்சிப் பள்ளி தொடங்கினாங்க. ஊரை 18 வட்டாரமாகப் பிரிச்சு, வட்டாரத்துக்கு ஒரு செவிலி. இன்னைக்கு நம்ம ஊரில் 'இந்த ஏரியா சிஸ்டர்'னு சொல்றோமே, அந்த ஏற்பாட்டின் தொடக்கங்களில் ஒண்ணு இது.

13/
1893. சிகாகோ. ஆமாம், விவேகானந்தர் பேசின அதே உலகக் கண்காட்சிதான். அதற்கு நைட்டிங்கேல் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினார். அதில் நர்சிங்கை ரெண்டாகப் பிரித்தார்: நோய்ச் செவிலியம், நலச் செவிலியம். நலம்னா வெறுமனே நோயில்லாமல் இருப்பது மட்டும் கிடையாது, நமக்குள்ள ஒவ்வொரு சக்தியையும் நல்லபடியா பயன்படுத்த முடிவதும்தான் என்பது அவர் விளக்கம். அந்த நலச் செவிலியம் நடக்க வேண்டிய இடம் வீடு. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் தாய்மார்கள்.

14/
அதே 1893-ல் நியூயார்க்கில் லிலியன் வால்ட் என்ற இளம் செவிலி, புலம்பெயர்ந்த ஏழைகள் நெருக்கியடிச்சு வாழ்ந்த பகுதிக்கே குடி போய் வேலையைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு வெளியே, மக்களுக்கு நடுவில் வேலை செய்பவருக்கு 'பொதுச் சுகாதாரச் செவிலியர்' என்ற பெயரை வெச்சவர் அவர்தான்.

அங்கே இப்படி. சரி, இங்கே?

15/
நம்ம சென்னைக்கு ஆஸ்பத்திரி புதுசு கிடையாது. 1664-லேயே புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மருத்துவமனை தொடங்கியது. பின்னாளில் அதுதான் ஜி.எச். பயிற்சிப் பள்ளிகளும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்தாச்சு. 1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்குனு தனிச் சட்டமே போட்டது. நாட்டிலேயே முதல் சட்டம் அது. ஆனா இதெல்லாம் நகரத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் போச்சு? அதை எண்ணிப் பார்த்தது ஒரு குழு.

16/
1943-ல் ஆங்கில அரசு, சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. போர்க் குழுனு சொன்னா சண்டைனு நினைச்சுக்காதீங்க, அது அவர் பேரு. 1946-ல் அறிக்கை வந்தது. அதில் இருந்த இந்தியாவைப் பாருங்க. 1,000 குழந்தை பிறந்தால் ஒரு வயசுக்குள் 162 குழந்தை சாவு. பிரசவத்தில் வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் தாய்மார்கள் சாவு. பிறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் சுமார் 27 வருஷம்.

17/
அதே அறிக்கையில் ஆள்கணக்கு. 30 கோடி மக்களுக்கு டாக்டர்கள் 47,500. நர்ஸ்கள் 7,000. மருத்துவச்சிகள் 5,000. வீடு வீடாகப் போய்த் தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டிய சுகாதாரப் பார்வையாளர்கள் 750.

திரும்பப் படிங்க. 7 டாக்டருக்கு 1 நர்ஸ். 4 லட்சம் பேருக்கு 1 சுகாதாரப் பார்வையாளர். ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்கிறதைச் செய்யவே ஆள் இல்லை. வீட்டுக்குப் போக யார் இருப்பா?

18/
அந்தக் குழுவில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார். டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையை நடத்திய மகப்பேறு மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் துணைவேந்தர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து பரிந்துரைச்சது இது: 40,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார அமைப்பு. அதில் டாக்டர் 2. பொதுச் சுகாதாரச் செவிலியர் 4, மருத்துவச்சி 4, பயிற்சி பெற்ற தாய்கள், அதாவது நாட்டு மருத்துவச்சிகள் 4. கவனிச்சீங்களா? எழுதும்போதே வெளியே போகிறவர்களைத்தான் அதிகமா எழுதியிருக்காங்க.

19/
அதே 1946 ஜூலையில் நியூயார்க்கில் உலக சுகாதார நிறுவனத்துக்கான அமைப்புச் சாசனம் கையெழுத்தாச்சு. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையாக நன்றாக இருப்பதே நலம், நோய் இல்லாமை மட்டும் போதாது என்ற புகழ்பெற்ற வரையறை அதில்தான் இருக்கு. இதை அடைஞ்ச மனுஷன் உலகத்துல யாராவது இருக்காங்களானு கிண்டல் பண்றவங்க உண்டு. நியாயம்தான். ஆனா அந்த வரையறை ஒரு வேலையைச் செய்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வராத மனுஷனும் மருத்துவ அமைப்பின் பொறுப்புதான்னு எழுத்தில் ஒத்துக்கிட்டது.

20/
1952 அக்டோபர் 2. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதோடு ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்தன. ஆனா 40,000 பேருக்கு ஒண்ணுனு எழுதினது, வட்டாரத்துக்கு ஒண்ணுனு ஆச்சு. ஒரு வட்டாரத்தில் 60,000 முதல் 1 லட்சம் பேர் வரை இருந்தாங்க. 1961-ல் இதே லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இன்னொரு குழு வந்து பார்த்தது. புதுசு புதுசா திறக்காதீங்க, திறந்ததை முதலில் ஒழுங்கா நடத்துங்க என்பதுதான் சுருக்கமா அவங்க சொன்னது. அறுபது வருஷத்துக்கு முன்னால சொன்னது!

21/
இந்த இடத்தில் அரசு இன்னொரு பாதையும் எடுத்தது. ஒரு நோய்க்கு ஒரு படை. மலேரியாவுக்குத் தனி ஆள், அம்மைக்குத் தனி ஆள், குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தனி ஆள். பலனும் கிடைச்சது. சுதந்திரம் வந்தபோது வருஷத்துக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு. 1965-ல் சுமார் 1 லட்சம் பேர்தான். பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாசம். இதெல்லாம் சாதாரண சாதனை இல்லை.

22/
ஆனா மலேரியா திரும்பி வந்தது. 1976-ல் 64 லட்சம் பேர். காரணம் பல. கொசுவுக்கு டி.டி.டி. பழகிப் போச்சு, மருந்து தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு. அதோடு ஒண்ணு: படை வேலையை முடிச்சுட்டுப் போன பிறகு, கிராமத்தில் தொடர்ந்து காய்ச்சலைக் கவனிக்க வேண்டிய நிரந்தர அமைப்பு பலமா இல்லை. அம்மை ஒழிஞ்சா ஒழிஞ்சதுதான். எல்லா நோயும் அப்படி இல்லையே. யாராவது ஒருத்தர் அங்கேயே இருந்து பார்த்துட்டே இருக்கணும்.

23/
1973-ல் கர்த்தார் சிங் குழு இதைச் சொன்னது. ஒரே வீட்டு வாசலில் மலேரியாக்காரர் ஒரு நாள், அம்மைக்காரர் ஒரு நாள், குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர் ஒரு நாள் நிக்கிறதுக்குப் பதில், ஒரு சின்னப் பகுதிக்கு எல்லாம் தெரிந்த ஒருத்தர் இருக்கட்டும். துணைச் செவிலியர், பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் ஆனார். தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த பெயர் கிராம சுகாதார செவிலியர். வி.எச்.என்.

24/
இங்கே ஒரு கசப்பான அத்தியாயத்தையும் சொல்லணும். 1960-களில் இருந்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வெச்சாங்க. இத்தனை பேரைக் கொண்டு வரணும்னு ஊழியர் தலையில் எண்ணிக்கை. நெருக்கடி நிலை காலத்தில் அது உச்சத்துக்குப் போச்சு. 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவை சிகிச்சை. வடக்கே பல ஊரில் சுகாதார ஊழியர் தெருவில் வந்தாலே ஆண்கள் ஓடி ஒளிஞ்சாங்க.

25/
வாசல் தேடிப் போவது நல்லதுதான். ஆனா எதுக்காகப் போறோம் என்பது அதைவிட முக்கியம். நம்ம நலனுக்காக வர்றாங்களா, அவங்க கணக்கை நிரப்ப வர்றாங்களானு ஜனங்களுக்கு ஒரு பார்வையில் தெரிஞ்சுடும். நம்பிக்கை போச்சுன்னா தடுப்பூசிக்கும் கதவு திறக்காது. நாடு முழுவதும் அந்த இலக்கு முறையை 1996-ல்தான் கைவிட்டாங்க.

26/
1978 செப்டம்பர். அன்றைய சோவியத் யூனியனில் அல்மா அட்டா நகரம். 134 நாடுகள் கூடின. ஆரம்ப சுகாதாரமே எல்லாருக்கும் நலத்துக்கான வழினு அறிவிச்சாங்க. கி.பி. 2000-க்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்பது இலக்கு. அந்த வருஷம் வந்தது, போனது. இலக்கு நிறைவேறல. ஆனா மக்கள் வசிக்கிற இடத்திலும் வேலை செய்கிற இடத்திலும் இருந்துதான் மருத்துவ அமைப்பு தொடங்கணும், பெரிய ஆஸ்பத்திரி அதன் கடைசிப் படினு உலக நாடுகள் சேர்ந்து ஒத்துக்கிட்ட இடம் அது.

27/
இன்றைய அமைப்பின் படிகள் இதுதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலை, பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒண்ணு. அதற்கு மேல் 30,000 பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் வட்டார மருத்துவமனை, மாவட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் 8,000-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் முதல் ஆள் டாக்டர் கிடையாது. கிராம சுகாதார செவிலியர்.

28/
ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனதில் இருந்து இவங்க கணக்கு தொடங்கும். பதிவு, ரத்தசோகை பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை, பி.பி., ஸ்கேனுக்கு அனுப்புவது. முதல் பிரசவம் சிசேரியனா, உயரம் குறைவா, வலிப்பு வந்திருக்கானு கேட்டு, 'இந்தப் பிரசவம் இங்கே வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி போங்க'னு முன்கூட்டியே பிரிப்பது. பிரசவம் முடிஞ்சு வீடு வந்த பிறகு தாயையும் சேயையும் போய்ப் பார்ப்பது. புதன்கிழமை தடுப்பூசி. வராத குழந்தையின் வீட்டுக்கு நடப்பது.

29/
பலன்? போர் குழு காலத்தில் 1,000 பிரசவத்துக்குச் சுமார் 20 தாய்மார்கள் இறந்தாங்க. அதாவது 1 லட்சத்துக்கு 2,000. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54. இந்திய அளவில் 97. இதுக்கு ரத்த வங்கி, 24 மணி நேரப் பிரசவ வசதி, 108, பெண் கல்வி, சாலை, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவி என நிறைய காரணம் உண்டு. ஆனா லேபர் வார்டில் நிக்கிற என்னைப் போன்ற டாக்டர் கைக்கு அந்தப் பெண் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால்தான் ரத்தமும் அறுவை சிகிச்சையும் உதவும். அப்படி வரவழைக்கிறது பெரும்பாலும் ஒரு செவிலியர்தான்.

30/
இப்போ நாலாவது பதிவில் விட்ட சைக்கிள்காரருக்கு வருவோம். காலரா, அம்மை, பிரசவச் சாவு எல்லாம் குறைஞ்சு, இன்னைக்கு நம்மைக் கொல்வது பி.பி.யும் சர்க்கரையும்தான். 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு. சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கு. இந்தியாவிலேயே நல்ல மருத்துவக் கட்டமைப்பு உள்ள மாநிலங்களில் ஒன்றில்! ஆஸ்பத்திரி இருக்கு, மாத்திரை இலவசம், டாக்டர் இருக்கார். ஆனா 100-க்கு 93 பேருக்கு பி.பி. கட்டுக்குள் இல்லை.

31/
ஏன்னா உடம்பு முடியலைன்னு அவருக்குத் தோணவே இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று மாத்திரை வாங்க ஒரு காரணம் வேணுமே. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது செய்தது லிவர்பூல்ல செய்த அதே வேலைதான். வீட்டுக்கே போய் பி.பி. பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடிப் போவது.

32/
அடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில் பி.பி. கட்டுப்பாடு 17 சதவீதம், சர்க்கரைக் கட்டுப்பாடு 16.7 சதவீதம்னு வந்தது. ஏறியிருக்கு. நல்லது. ஆனா கைதட்டி முடிச்சுட முடியாது. இன்னும் 100-க்கு 83 பேர் வெளியே இருக்காங்க. ஒரு வருஷம் போய்ப் பார்த்துட்டு நிறுத்தினா என்ன ஆகும்னு மலேரியா ஏற்கெனவே நமக்குக் காட்டியாச்சு.

33/
எனக்கு இருக்கிற கவலை இதுதான். இப்போ நம்ம பேச்சு முழுக்கக் காப்பீடு, சூப்பர் ஸ்பெஷாலிட்டி, ரோபோ சர்ஜரி. வேண்டாம்னு சொல்லல. மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோ வேணும், அதுக்குக் காப்பீடு வேணும். ஆனா காப்பீடு பெரும்பாலும் நீங்க கட்டிலில் படுத்த பிறகுதான் பணம் தரும். நீங்க படுக்காமல் இருக்க அது பணம் தராது. புதுக் கட்டடம் திறந்தால் போட்டோ வரும். வராமல் போன பக்கவாதத்துக்கு யார் போட்டோ எடுப்பா?

34/
அடுத்த கவலை, அந்தப் போகிற ஆள். 5,000 பேருக்கு ஒருத்தர்னு விதி. பணியிடம் காலியா இருந்தா பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கணும். தடுப்பூசி, கர்ப்பிணி, டெங்கு, பள்ளிக்கூட முகாம், அதற்கு மேல் பதிவேடு, அதற்கு மேல் அதே தகவலை செல்போன் செயலியில் ஏத்தணும். வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் திரையில் போகுது. மேரி ராபின்சன் ஒரு மாசத்தில் தளர்ந்து போனார், நினைவிருக்கா? அவருக்கு ஆதரவாய் நின்று பேச ஒருத்தர் இருந்தார். நம்ம ஊர் வி.எச்.என். சிஸ்டருக்கு யார் இருக்கா? மேலே இருந்து 'ரிப்போர்ட் எங்கே?'னு கேட்க மட்டும் ஆள் உண்டு.

35/
எண்ணிக்கையை நிரப்பச் சொல்லி விரட்டினால் என்ன ஆகும்னு 1976-ல் பார்த்தாச்சு. பி.பி. பார்க்காமலே 130/80 என்று எழுதிட்டுப் போகிற நிலைமைக்கு அவங்களைத் தள்ளினா, கணக்கில் எல்லாரும் நலம், ஐ.சி.யூ.வில் இடம் இருக்காது.

36/
கடைசியா உங்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு: உங்க பகுதி செவிலியர் யார், துணை சுகாதார நிலையம் எங்கே இருக்குனு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. நகரத்தில் இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்.

ரெண்டு: வீட்டில் 30 வயசு தாண்டிய எல்லாருக்கும் பி.பி., சர்க்கரை பாருங்க. 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்பவரை முதலில் உட்கார வையுங்க.

37/
மூணு: பி.பி. மெஷினோடு ஒரு அக்கா வாசலில் வந்து நின்றால், 'நாங்க பிரைவேட்ல பார்த்துக்கறோம்'னு கேட்டோடு அனுப்பிடாதீங்க. உள்ளே கூப்பிட்டு, ஃபேன் போட்டு உட்கார வெச்சு, ஒரு சொம்பு தண்ணி கொடுங்க. கையை நீட்டுங்க. அந்த ரெண்டு நிமிஷத்தை ஒரு நடைமுறை ஆக்கறதுக்குத்தான் 160 வருஷத்துக்கும் மேல ஆகியிருக்கு.

உங்க ஊர் வி.எச்.என். சிஸ்டருக்கு இதை அனுப்புங்க. அவங்க வேலையின் வரலாறு அவங்களுக்கும் தெரியட்டும்.